இடது காது கிழிந்த நாய்

"ஹலோ... ஓம், அபிகாயில்தான் கதைக்கிறன்... ஓம்... ஓமோம், உங்கடை நம்பர் இருக்கு, அழிக்கேல்லை. சொல்லுங்கோ றோகான் அண்ணை."

அந்தப் பெயரை இனி வாயாலும் எடுப்பதில்லை என்று மூன்று கிழமைக்கு முன்னர்தான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இப்போது அந்த மனுசனே கூப்பிடுகிறார். சனிக்கிழமை காலை பத்து மணி. கொக்குவில் வீட்டு விறாந்தையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள், போனை இரண்டு விரலால் பிடித்துக் காதுக்குச் சற்று எட்டவே வைத்திருந்தாள். எண்ணெய்க் கை என்பது பாதிக் காரணம்தான்.

"சுகம்... அம்மாவும் சுகம், குசினிக்கை நிக்கிறா... இல்லை, கோவமெண்டு ஆர் சொன்னது?... நான் ஏன் கோவிக்க? நான் என்ன உங்களிட்டை வேலை செய்த ஆளே, கோவிக்கிறதுக்கு?"

அந்தப் பக்கத்தில் இருமல் ஒன்று கேட்டது. றோகானுக்குப் பதில் வராத நேரங்களில் இருமல் வரும். மூன்று வருசம் ஒரே அறையில் இருந்தவளுக்கு அது தெரியாதா?

றோகானுடைய வீட்டு மேல்மாடியில் ஆறு கொம்பியூட்டரும் ஒரு ஏசியும் உண்டு. வாசலில் 'பூவரசு கேம்ஸ்' என்று பலகை தொங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து உலகத்துக்கு வீடியோ கேம் செய்கிறோம் என்று அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போய்ப் பேசுவார். சேர்ச்சில் அவர்கள் குடும்பத்துக்கு முன்வாங்கு, பீடத்துக்கு நேரே உள்ள முதல் வரிசை இருக்கை. அபிகாயிலும் தாய் பொன்மலரும் இருப்பது அதற்கு மூன்று வாங்கு தள்ளி. மூன்று வருசத்துக்கு முன்னர் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நின்றபோது, உங்கடை பிள்ளை நல்லாய்ப் படம் கீறுமாமே, நாளைக்கே வரச் சொல்லுங்கோ என்று றோகானின் தாய் சொன்னா. அவ்வளவுதான் நியமனம். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கடிதம் கேட்கட்டோ என்று அபிகாயில் கேட்டதற்கு, முன்வாங்குச் சனத்திடம் கடிதம் கேட்டால் அவர்களை நம்பவில்லை என்றாகிவிடும், வாயை மூடு என்று பொன்மலர் அதட்டிவிட்டா. இப்படி ஒரு பிழையை நம்முடைய ஆட்களைத் தவிர வேறு ஒருவரும் இத்தனை மரியாதையாக விடமாட்டார்கள்.

"என்னது?... நெதர்லாந்துக் கொம்பனி எடுத்திட்டுதோ?... 'கரைவெளிச்சம்' முழுசாயோ?... கெட்டித்தனம்... இல்லையில்லை, நக்கல் இல்லை. சந்தோசம்தான். மூண்டு வருசம் கண்ணைப் பழுதாக்கினது வீண் போகேல்லை... ஆற்றை கண்ணோ? டிலக்ஷன்ரை கண்ணைச் சொன்னனான். அவன்தானே கீறினவன், உங்கடை கணக்கிலை."

'கரைவெளிச்சம்' என்பது அவர்கள் செய்த கேம். ஒரு பெட்டைப் பிள்ளையும் அவளுடைய நாயும் காங்கேசன்துறைக் கரை நெடுக நடந்து, அணைந்துபோன விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். கடல், கரை, சீமெந்து ஆலையின் இடிந்த சுவர், பெட்டை, நாய் எல்லாம் அபிகாயிலின் கையால் வந்தவை. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் காலையிலிருந்து பொழுதுபடும் வரை கீறியவள் அவள். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் சித்திரம் என்ற இடத்தில் இருந்ததோ, றோகானின் தம்பி டிலக்ஷனின் பெயர். அவன் கீறியது மெனுவில் வரும் எழுத்துகளை மட்டும்.

"ஓம்... ஓம்... ஓம், விளங்குது. கீறின ஆக்கள் எல்லாரும் படங்கள் கொம்பனிக்குத்தான் எண்டு கையெழுத்து வைக்க வேணுமெண்டு அவை கேக்கினம். திங்கக்கிழமைக்குள்ளை... சரி, டிலக்ஷன் வைக்கட்டுமன்... ஏன், அவனுக்குக் கை சுகமில்லையோ?"

இருமல்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை... இல்லை, அது முழு உண்மை இல்லை. என்ன நடந்தது?... கேம் பெட்டியின்ரை முன்பக்கத்துக்கு நாயைப் புதுசாக் கீறித் தரச் சொன்னவையோ?... டிலக்ஷன் கீறினவனோ?... ம்... ம்... எந்தக் காது?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"வலது காதைக் கிழிச்சு விட்டிட்டான்! ஐயோ கடவுளே... நான் சிரிக்கேல்லை... ஓம், சிரிக்கிறன்தான், ஏன் பொய். பாருங்கோ, நாய் வலப்பக்கம் நடக்கிற படத்தைக் கண்ணாடியிலை பாத்த மாதிரித் திருப்பிவிட்டால் இடப்பக்கம் நடக்கும். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது, பாதி வேலை மிச்சம். நான் மட்டும் ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாக் கீறினனான். அண்டைக்கு நீங்களே எனக்குப் பின்னாலை நிண்டு கத்தினனீங்கள், உனக்கென்ன விசரோ, திருப்பி விடன் எண்டு. ஞாபகமோ?... திருப்பினால் கிழிஞ்ச காது பக்கம் மாறிப் போயிடும். அதுக்குத்தான். டிலக்ஷன் திருப்பிற ஆள். அவனுக்கு எந்தக் காதெண்டு தெரியாது... அவை பிடிச்சிட்டினம் என்ன? இந்த நாயை முதலிலை கீறினது ஆர் எண்டு கேட்டிருப்பினம்."

காலடியில் சீசர் படுத்திருந்தது. பக்கத்து வளவு முள்ளுக்கம்பியில் சிக்கி இடது காதைப் பாதி தொலைத்த செங்கல் நிற ஊர் நாய். தன்னைப் பற்றிய கதை என்று தெரிந்ததோ என்னவோ, வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

குசினி வாசலில் பொன்மலரின் தலை தெரிந்தது. கையைக் கீழே அமத்தி, மெதுவாய்க் கதை, மெதுவாய்க் கதை என்று சைகை. அவ எல்லாவற்றையும் மெதுவாய்க் கதைத்தே ஐம்பத்தெட்டு வயதைத் தாண்டியவ. அபிகாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாய் உள்ளே போக, நின்றிருந்த தேங்காய் துருவுகிற சத்தம் திரும்பவும் தொடங்கியது.

"ஓம், கேக்குது. சொல்லுங்கோ... என்ன கடிதம்?... எனக்கோ?... நியமனக் கடிதமோ?"

அவள் எழும்பிவிட்டாள்.

"மூண்டு வருசம்... ம்... தலைமைச் சித்திரக்காரி எண்டோ?... முத்திரை வைச்சு... ம்... பொறுங்கோ, றெயின் வருது, கேக்கேல்லை... றெயின்! பொறுங்கோ!"

காங்கேசன்துறைக்குப் போகிற றெயின் மதிலுக்கு அப்பால் ஊரையே உலுப்பிக்கொண்டு போனது. அது போய் முடியுமட்டும் அவளுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அந்த நேரம் கிடைக்காமல் இருந்திருந்தால் நல்லது என்றும் பட்டது. ஏனென்றால் ஆசை வந்துவிட்டது. வெட்கம் கெட்ட ஆசை. அந்த ஒரு கடிதம் கையில் இருந்திருந்தால் போன மாதமே அவள் கொழும்பில் இருந்திருப்பாள். அங்கே ஒரு பெரிய கேம் கொம்பனி இரண்டு இன்ரவியூ வைத்து, அவளுடைய படங்களைப் பார்த்து, உன்னைத்தான் எடுக்கப் போகிறோம் என்று சொல்லியும் விட்டது. கடைசியாக ஒரு சம்பிரதாயத்துக்கு றோகானிடம் ஒரு சொல் கேட்டார்கள். அதோடு அந்த வேலை போச்சு, றோகானிடம் போவதையும் அவள் அன்றோடு நிறுத்திவிட்டாள். இப்போது அந்த மனுசனே, நீ இங்கே வேலை செய்தாய் என்று எழுதித் தருகிறேன் என்கிறார். அதைக் கேட்க அவளுடைய மனம் எவ்வளவு ஏங்கியிருந்தது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஓம், போட்டுது. சொல்லுங்கோ... அண்ணை, ஒண்டு கேக்கிறன். திகதி என்ன போடப் போறியள்?... மூண்டு வருசத்துக்கு முந்தின திகதியோ? அண்டைக்கே எழுதித் தந்த மாதிரி?... சரி. வேறை என்ன இருக்கு அதிலை?... நீங்கள் வாசியுங்கோவன்... ம்... 'அவர் வரைந்த சகல சித்திரங்களும்'... ம்... 'நிறுவனத்துக்கே'... ஆ. அதுதானே பாத்தன்."

பழைய திகதியைப் போட்டு அவளுடைய படங்களை எழுதி வாங்கத்தான் இந்தக் கடிதம் என்று விளங்கியதும், வந்த ஆசை போய்விட்டது.

"என்ரை பேர்? பட்டியலிலை என்ரை பேர் வருமோ?... எங்கை?... நன்றி சொல்லுற இடத்திலையோ! தேத்தண்ணி போட்ட அக்காவுக்கு மேலையோ கீழையோ?... இல்லை, பகிடி விடேல்லை. சித்திரம் எண்ட இடத்திலை ஏன் வராது?... ம்... ம்... டிலக்ஷனுக்கு அங்கை வேலை குடுக்கினமோ? சித்திரக்காரனாயோ?... ஓ, அப்ப அவன்ரை பேரை எடுக்கேலாது. எடுத்தால் அவன்ரை வேலை போயிடும். பாவம்தான் என்ன? வேலை போறதெண்டால் எப்பிடியெண்டு எனக்கும் கொஞ்சம் தெரியும்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. றோகானுக்கு அவள் கீறிய படங்கள் வேண்டும், கீறியவள் மட்டும் வேண்டாம். தம்பிக்கு நெதர்லாந்து வேண்டும், அதற்கு அவளுடைய கை வேண்டும், அந்தக் கைக்குப் பெயர் இருக்கக் கூடாது.

"அண்ணை, அண்ணை... கத்தாதேங்கோ. நாயின்ரை பேரைக்கூட நீங்கள் மாத்தேல்லை. கேமுக்குள்ளையும் சீசர்தான். பட்டியலிலையும் 'சீசராக: சீசர்' எண்டு வடிவாப் போட்டிருக்கிறியள். நாய்க்குப் பேர் போட்டியள். நாயைக் கீறின ஆளுக்குப் போடேல்லை... பகிடிக்குப் போட்டதோ? நல்ல பகிடி."

"என்ன?... வழக்கோ?... போடுங்கோ. சாவகச்சேரியிலை உங்கடை மச்சான் லோயரெண்டு தெரியும். அவரிட்டையே ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. சம்பளத்துக்கு நிண்டு கீறினால் படம் முதலாளிக்கு. சரி. வேறை ஒப்பந்தம் ஒண்டும் இல்லாமல், வேலைக்கே நிக்காத ஆள் கீறினால் படம் ஆருக்கு?... கேளுங்கோ... எனக்கு எப்பிடித் தெரியுமெண்டோ? மூண்டு கிழமை வீட்டிலை சும்மா இருந்தனான். வாசிக்க நேரம் கிடைச்சுது, உங்கடை புண்ணியத்திலை."

"வேலைக்கு நிண்டனானோ? இப்ப அப்பிடிச் சொல்லுறியளோ?... பொறுங்கோ. வைச்சிடாதேங்கோ, ஒரு சாமான் வாசிக்கிறன்."

எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போடாமலே அந்த மெயிலை விரலால் தேடி எடுத்தாள். தேட வேண்டிய தேவையே இல்லை. மூன்று கிழமையாக அது மேலேயே கிடந்தது. கொழும்புக்காரர் வேலை இல்லை என்று எழுதியபோது, காரணம் இதுதான் என்று றோகானின் பதிலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதை அவள் தாய்க்குக் காட்டவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். முன்வாங்குச் சனத்தின் மேல் அம்மா வைத்திருந்த மரியாதையை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது வந்தது.

"நீங்கள் இங்கிலீசிலை எழுதினியள். நான் தமிழிலை வாசிக்கிறன், இஞ்சை எல்லாருக்கும் விளங்கட்டும். 'அபிகாயில் எங்கள் நிறுவனத்தில் ஒருபோதும் வேலை செய்யவில்லை. எங்கள் சபைப் பிள்ளை என்றபடியால், பின்னேரங்களில் வந்து படம் கீறப் பழகுவதற்கு இரக்கப்பட்டு இடம் கொடுத்தோம். அவர் காட்டும் படங்கள் அவருடையவை என்று எங்களால் சொல்ல முடியாது.' கீழை உங்கடை பேர். உங்கடை கையெழுத்து. திகதியும் இருக்கு, அது உண்மையான திகதி."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"இப்ப என்ன சொல்லுறியள்?... அது சும்மா எழுதினதோ?... கெதியிலை எழுதினதோ?... ஓம், விளங்குது, டிலக்ஷன்ரை பேரைக் காப்பாத்த. என்னை அங்கை சித்திரக்காரி எண்டு ஒத்துக்கொண்டால் இஞ்சை உவன்ரை பேர் பொய்யாப் போயிடும். அதுக்கு என்ரை தலையிலை மண்... இல்லை, நான் முடிக்கிறன். இரக்கப்பட்டோ? இரக்கப்பட்டு எனக்குப் பின்னேரத்திலை இடம் தந்தனீங்களோ?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் மெயில் போட்டுக் கெட்டது.

"மன்னிப்பைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லாதேங்கோ. வேத வசனத்தையும் இழுக்காதேங்கோ, அது பாவம்... என்ன?... அம்மாட்டையோ? அம்மாட்டைக் குடுக்கவோ?... ஏன், அம்மா எண்டால் லேசா மடங்குவா எண்டோ?... சரி, பொறுங்கோ."

அபிகாயில் போனை நீட்டினாள். பொன்மலர் குசினி வாசல் நிலையில் நின்றா. கையெல்லாம் தேங்காய்ப் பூ. இந்த மனுசியைப் பற்றி அபிகாயிலுக்குப் பயம் இருந்தது என்றே சொல்லவேண்டும். ஓம் தம்பி, சரி தம்பி, பிள்ளை கையெழுத்து வைப்பா தம்பி என்று அவ சொல்லிவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது. முப்பது வருசமாக அந்தக் குடும்பத்துக்கு ஓம் தவிர வேறொன்றும் சொல்லாதவ.

பொன்மலர் போனை வாங்கவில்லை. போனைப் பார்த்து, மகளிடம் ஒரே ஒரு வசனம் சொன்னா. சத்தம் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டா.

"ஹலோ... இல்லை, அம்மா கதைக்க மாட்டாவாம். ஒண்டு மட்டும் கேட்டுச் சொல்லட்டாம்... 'பின்னேரம் படம் பழக வந்த பிள்ளைக்கு, மூண்டு வருசமா விடிய எழும்பி நான் மத்தியானச் சோறு கட்டினது ஏன்' எண்டு கேக்கிறா... அண்ணை?... இருக்கிறியளோ?"



அபிகாயிலின் கண் நிறைந்துவிட்டது. குரலில் அதைக் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு வசனத்துக்கும் மூன்று வருசச் சோற்றுப் பார்சலுக்கும் அவள் அந்த மனுசிக்குக் கடன்பட்டவள்.

பிறகு அந்தப் பக்கம் வெடித்தது. போனைக் காதிலிருந்து இன்னும் எட்டப் பிடிக்கவேண்டியிருந்தது. சீசர் தலையைத் தூக்கி உறுமியது.

"ஓம்... ஓம்... கத்துங்கோ, பரவாயில்லை... நன்றி கெட்டவளோ நான்?... ம்... ஆற்றை கதிரையோ?... ஓம், உங்கடை கதிரைதான்... ஓம், உங்கடை கொம்பியூட்டர்தான்... மூண்டு வருசம் உங்களுக்குக் கீழை வேலை செய்துபோட்டு... ம்?... அதை இன்னொருக்கால் சொல்லுங்கோ. கடைசியாச் சொன்னதை... மூண்டு வருசம் உங்களுக்குக் கீழை என்ன செய்தனான்?... இதைத்தான்! இதைத்தான் அண்ணை நான் மூண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். இதை இப்பிடியே கொழும்புக்கு எழுதுங்கோ. ஒரு சொல்லும் கூட்டவேண்டாம்."

"இல்லை, பழைய திகதிக் கடிதத்திலை நான் கையெழுத்து வைக்க மாட்டன்... மாட்டன்... அம்மாவின்ரை பேராலை சொல்லுறன், மாட்டன்... என்ன வேணுமெண்டோ? வடிவாக் கேளுங்கோ. கொழும்புக்கு உண்மை போகவேணும். பட்டியலிலை சித்திரமெண்ட இடத்திலை என்ரை பேர் வரவேணும். எழுத்துக் கீறினவன் டிலக்ஷன் எண்டு அவன்ரை பேரையும் போடுங்கோ, நான் தடுக்கேல்லை, அது அவன்ரை வேலை. அது ரெண்டும் நடந்தால், இண்டைய திகதியிலை, படங்களை நீங்கள் பாவிக்கலாமெண்டு நானே எழுதித் தாறன்... தம்பியின்ரை எதிர்காலமோ? எனக்கும் ஒண்டு இருந்தது அண்ணை. மூண்டு வரியிலை முடிச்சியள்."

"என்ன எழுதப் போறன் எண்டோ? நெதர்லாந்துக்கோ?... ஓம், அவையின்ரை விலாசம் இருக்கு. அந்தக் கொம்பனிப் பொம்பிளை ராத்திரியே எனக்கு எழுதிப்போட்டா, நாயைக் கீறினது நீங்களோ எண்டு... ஓம், உங்களுக்கு முதலே. ஏன் கேக்கிறா எண்டு நீங்கள் சொல்லத்தான் விளங்கிச்சுது. என்ரை பழைய படங்களை எங்கையோ பாத்திருக்கிறா... இல்லை, பயப்பிடாதேங்கோ, இன்னும் பதில் போடேல்லை. போடேக்கை உங்களைப் பற்றி ஒரு கூடாத சொல்லும் எழுத மாட்டன். கொழும்புக்கு நீங்கள் எழுதின கடிதத்தை அப்பிடியே அனுப்புவன். அது பொய்யெண்டால் நீங்களே அவைக்குச் சொல்லுங்கோ."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் அவசரப்படவில்லை.

"ஒண்டில் நான் உங்கடை ஆள். அப்பிடியெண்டால் நான் வேலை செய்தனான், என்ரை பேரைத் தாங்கோ. இல்லாட்டி நான் உங்கடை ஆளில்லை. அப்ப நாய் என்ரை நாய், கடல் என்ரை கடல், உங்களிட்டை மிஞ்சிறது டிலக்ஷன்ரை எழுத்துத்தான். ரெண்டிலை ஒண்டை எடுங்கோ அண்ணை, திங்கக்கிழமைக்கிடையிலை... ஹலோ?... ஹலோ?"

வைத்துவிட்டார்.

போனில் எண்ணெய்த் தடம் படிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடியும் தொடங்கியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

"அபி" என்று பொன்மலர் உள்ளே இருந்தபடியே கூப்பிட்டா. "நாளைக்கு விடிய வெள்ளெனச் சேர்ச்சுக்குப் போவம். நாங்கள் முன்வாங்கிலை இருக்கிறம்."